ஏழாம் வாய்ப்பாடு

அம்மாவுக்குத் தொண்ணூற்றாறு.
மோல்மேன் முழுவதும் அவளை ஸயாமா என்றுதான் கூப்பிட்டது.
அருளாயி என்ற பெயர்
ரேஷன் அட்டையிலும் ஓய்வூதியக் கவரிலும் மட்டும் இருந்தது.
அப்பா கடைசிவரை நர்ஸம்மா என்றார்,
கொஞ்சம் கேலி, கொஞ்சம் பயம்.

அவள் எங்களைக் கொஞ்சியதாக நினைவில்லை.
மணிக்கட்டைப் பிடிப்பாள்.
பள்ளிக்குக் கிளம்பும்போது,
பரீட்சையில் தோற்று வந்தபோது,
நான் ஒருவனை விரும்புவதாகச் சொன்ன ராத்திரி
அரிக்கேன் விளக்கடியில்
இரண்டு விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு,
ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு.

கடிகாரத்தை நாற்பத்திரண்டில்
ஒரு ஜப்பான் சிப்பாய் கழற்றிக்கொண்டானாம்.
அவன் கையில் ஏற்கெனவே ஐந்து.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டியது என்பாள்,
அவனுக்காகப் பாவப்படுவது போல.
அதற்குப் பிறகு ஏழாம் வாய்ப்பாடுதான் அவளுக்குக் கடிகாரம்.
பதினாறு வரை, அவள் வேகத்தில், சரியாக அரை நிமிடம்.
எங்கள் வீட்டில் யாரும் வாய்ப்பாட்டைப் பள்ளியில் படிக்கவில்லை.
காய்ச்சலில் படித்தோம்.

ரயில் பாதைக் கொட்டகைகளைப் பற்றி அதிகம் பேசமாட்டாள்.
தான்பியூசயாட் பக்கம், மழை, மூங்கில் படுக்கை, வாந்திபேதி.
மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றி வந்த நம் ஆட்கள்.
மருந்து இல்லை. கஞ்சித்தண்ணீரில் உப்பு போட்டேன்,
வெந்நீர் வைத்தேன், முகம் துடைத்தேன், அவ்வளவுதான்
என்பாள். பிறகு,
"விறகு ஈரம்."
எழுபது வருஷம் கழித்தும்
அந்த விறகின் மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

அண்ணன் வீரபத்திரன் அங்கிருந்து வந்தவன்.
சாகும் முன் ஒருத்தி மூன்று முறை சொன்ன பெயர் அது.
புருஷன் பெயரா, பிள்ளை பெயரா, குலசாமியா,
கேட்க நேரமில்லை.
எட்டு மாதக் குழந்தை, நாடி நூற்று அறுபது.
கல்யாணமாகாத இருபத்தொரு வயது நர்ஸ்
பதிவேட்டில் தாய் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.
நாற்பத்தேழில் பெண் பார்க்க வந்த அப்பாவின் முன்னால்
டீக்கு முந்தியே பையனைக் கொண்டுவந்து நிறுத்தினாளாம்.
"இவனும் சேர்த்திதான்."
அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அறுபத்துநாலில் கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது.
தெருவே கப்பலுக்கு மூட்டை கட்டியது.
எங்கள் பெயரும் பட்டியலில் இருந்தது.
எனக்கு அம்மை போட்டது.
மறைத்துவிடலாம் என்றார் பெரியப்பா,
தனாக்காவை அப்பிவிட்டால் முகம் தெரியாது.
அம்மா அவரைப் பார்த்த பார்வையை
அவர் தஞ்சாவூர் வரை சுமந்து போயிருப்பார்.
"கப்பலில் எத்தனை பிள்ளைகள் இருக்கும், எண்ணினீங்களா?"
அப்படித்தான் இங்கேயே தங்கிப்போனோம்,
என் உடம்பில் முளைத்த நாலைந்து கொப்புளங்களால்.
இன்றும் பெரியப்பா மகன்கள் கூப்பிட்டால்
"அம்மை இறங்கிடுச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

போன ஐப்பசியில்,
ஆற்றுப் பக்க ஜன்னலைத் திறக்கச் சொன்ன மாலையில்,
நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
அறுபத்தைந்து வயதில் முதல் முறை.
ஐயேழு முப்பத்தைந்து, ஆறேழு
"ஓடாதே" என்றாள்.
ஒருவேளை வேறு யாரிடமோ.
மெதுவாக, முதலிலிருந்து சொன்னேன்.

டாக்டர் படிவத்தில் நேரம் கேட்டார்.
பர்மியப் பையன், அவள் கையில் பிறந்தவன்.
யாரும் கடிகாரம் பார்த்திருக்கவில்லை.
எட்டேழுக்கும் ஒன்பதேழுக்கும் நடுவில் என்று
எப்படிச் சொல்வது?
ஆறு மணி என்று எழுதிக்கொண்டார்.

வாசலில் வண்டி வந்து விறகு இறங்கியது.
எழுபத்தைந்து வயது அண்ணன்
ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தட்டிப் பார்த்தான்,
காய்ந்திருக்கிறதா என்று.